பக்கத்துப் போர்ஷன் காலி

நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று பேக்கர்ஸ் மூவர்ஸ்காரன் போனில் சொன்னதும், ஆதிநாராயணன் கோயம்புத்தூருக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தது அவர் மனைவி பானு இல்லை. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த பக்கத்துப் போர்ஷன் யேசுதாஸ்தான்.

யேசுதாஸுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் வேலை. வருஷம் பூராவும் நைட் ஷிஃப்ட். இரவெல்லாம் உலையின் முன்னால் வெந்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து, நாஷ்டாவை முடித்துக்கொண்டு படுப்பான். மனைவி கிறிஸ்டினா அதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பாள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கண்ணை மூடி அப்படியே சொருகும் நேரத்தில், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆதிநாராயணன் பாட ஆரம்பிப்பார்.

சும்மா முணுமுணுப்பு இல்லை. மைக், ஸ்பீக்கர், போனில் கரோக்கி. ஆண் பாடும் வரியையும் அவரே பாடுவார், பெண் பாடும் வரியையும் அவரே பாடுவார். நடுவில் வயலின் வரும் இடங்களில் அதன் கூடவே வாயாலும் வாசிப்பார். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் இன்சார்ஜ். மதியம்தான் ஷிஃப்ட் என்பதால் காலை முழுவதும் சங்கீதத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒருநாள் நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று யேசுதாஸ் கிளம்பினான். கதவைத் திறந்த ஆதிநாராயணன் கையில் மைக்கோடு கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு, "இன்னா நைனா, தொந்தரவா இருக்குதா?" என்று கேட்டார்.

அப்படிக் கேட்கிற மனிதரிடம் ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அதுவும், போன மழைக்காலத்தில் காய்ச்சலில் துவண்டு கிடந்த கிறிஸ்டினாவைத் தன் வண்டியில் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனிதர். "சேச்சே, சூப்பரா இருக்குதுண்ணா" என்று சொன்னான் யேசுதாஸ். யேசுதாஸ் என்று பேரை வைத்துக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு பிடிக்காமல் போகுமா என்று பானு காபி கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு வந்து படுத்தான். கண் சொருகியது. பாட்டு ஆரம்பித்தது.

கிறிஸ்டினாவிடம் புலம்பிப் பயனில்லை. "உங்களுக்கா தூக்கம் வரல?" என்று கேட்டுச் சிரிப்பாள்; பிறகு துணி மடிக்கப் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் ஆதிநாராயணனுக்குப் பதவி உயர்வோடு கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் வந்தது. செய்தி கேட்ட அன்று யேசுதாஸ் மாதா கோவிலுக்குப் போய் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினான். சாமான் ஏற்றிப்போகக் கம்பெனி கொடுப்பதோ பதினைந்தாயிரம். பேக்கர்ஸ் மூவர்ஸ்காரன் கேட்டதோ அதில் ஏறக்குறைய மூன்று பங்கு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்பது ஆதிநாராயணனின் முடிவு.

யேசுதாஸ் படியிலிருந்து நேராக அவர் வீட்டுக்குள் போய்விட்டான்.

"எனக்கும் போவணும்னுதான் நைனா ஆசை," என்றார் ஆதிநாராயணன். அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ரொம்ப ஆசை. டப்புதான் இடிக்குது."

"டப்பைப் பத்தி நீ பேசவே கூடாது. கம்பெனி குடுக்கிற பதினஞ்சுக்குள்ள உன்னைக் கோயம்புத்தூர்ல இறக்கி வெக்கிறது என் வேலை. பட்ஜெட்டு நான் போடறேன்."

ஆதிநாராயணன் எழுந்துவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை நல்லவனா நீ என்று அவர் கண்கள் கேட்டன. யேசுதாஸுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

முதல் நாள் பட்ஜெட் அழகாகவே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து தண்ணீர் பம்பு ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள், இங்கே இறக்கிவிட்டுத் திரும்பும்போது அநேகமாகக் காலியாகத்தான் போகும். அந்த டிரைவர்களில் கலியன் என்பவன் மில் வாசல் டீக்கடையில் யேசுதாஸுக்குப் பழக்கம். பதினான்காயிரத்துக்கு ஒத்துக்கொண்டான். ஆயிரம் ரூபாய் மிச்சம். அந்த ஆயிரத்தில் வழியில் சாப்பாடு. தன் மூளையை மெச்சி யேசுதாஸ் இன்னொரு டீ சொன்னான்.

டீ வருவதற்குள் கலியன், "பாதி வண்டிதான் உனக்கு. மீதில வேற லோடு ஏறுது" என்றான்.

பாதி வண்டி என்றால் பாதிச் சாமான். ஆதிநாராயணன் வீட்டில் பாதிச் சாமான் என்பது மூன்று கதவு பீரோ, சோஃபா, கட்டில் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. இவற்றை விற்றுவிட்டால் மற்றது வண்டியில் அடங்கும். போனில் படம் எடுத்துப் போட்டான். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் பீரோவைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், தட்டிப் பார்த்தார், இரண்டாயிரம் என்றார்.

அது பானுவின் அம்மா வீட்டுச் சீர். பானு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இப்படியெல்லாம் பீரோவை விற்றுத்தான் போக வேண்டுமா, இங்கேயே இருந்தால் என்ன என்று அவள் கேட்டதும் ஆதிநாராயணனும் யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனை முடியும்வரை யேசுதாஸால் காத்திருக்க முடியவில்லை.

"இத வெளியாளுக்கு ஏன் குடுக்கணும்? எட்டாயிரத்துக்கு நான் எடுத்துக்கிறேன். உங்க பீரோ உங்க பக்கத்துலயே இருந்த மாதிரி."

பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை என்பது பானுவுக்குத் தோன்றவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீரோவை எடுத்துவிட்டு சோஃபாவை விட்டால் நன்றாயிராது என்று சோஃபாவும் யேசுதாஸ் வீட்டுக்கு வந்தது. மீன் தொட்டிக்கு மட்டும் ஆதிநாராயணன் காசு வாங்க மறுத்தார். மீன், மீனுக்குத் தீனி, ராப்பகலாகக் கொடகொடவென்று குமிழி விடும் மோட்டார் எல்லாம் இலவசமாக வந்து சேர்ந்தன.

மூன்று கதவு பீரோ உள்ளே வந்ததும் படுக்கையறையில் கட்டிலுக்கு இடம் போதவில்லை. திருப்பிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், கடைசியில் கட்டிலைப் பொதுச்சுவரோடு ஒட்டிப் போட்டான்.

அன்றிலிருந்து பாட்டுச் சத்தம் இரண்டு மடங்காகியது. பிரியப்போகிற துக்கத்தில் மனிதர் உருகுகிறார் என்று நினைத்து, யேசுதாஸ் தலையணையைக் காதுக்கு மேல் போட்டுக்கொண்டான்.

அடுத்தது அட்வான்ஸ். கோயம்புத்தூர் வீட்டுக்காரர் அட்வான்ஸை உடனே கேட்டார். இங்கே கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா முத்தம்மாளோ, புது ஆள் குடிவந்தால்தான் பழைய அட்வான்ஸைத் தருவாள். அது அவள் வழக்கம். பேசிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை. ஆதிநாராயணன் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தார்.

"புது ஆளு வர வரைக்கும் அந்தப் போர்ஷன் வாடகைய நான் தரேம்மா. நீ அவரு அட்வான்ஸைக் குடுத்துடு," என்றான் யேசுதாஸ்.

முத்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா ரோசனை பண்ணிக்கினியாப்பா? ஆளு வர லேட்டாச்சின்னா?"

"சிப்காட் பக்கத்துல ஊடு காலின்னு போர்டு மாட்டுனா சாயங்காலமே நாலு பேரு வந்து நிப்பான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்தாள்.

இனி ஒரு தடையும் இல்லை. சாமான் கட்டும் கூலியை மிச்சப்படுத்த யேசுதாஸே களத்தில் இறங்கினான். மில் கேன்டீனிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். மிக்ஸியைப் போர்வையில் சுற்றினான், பாத்திரத்தைத் துணியில் சுற்றினான். மிச்சத்துக்குத் துணி போதாமல் கிறிஸ்டினாவின் பழைய புடவைகளையும் சுற்றினான். ஃபேன்களைக் கழற்றினான். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தான். பாய் தலையணைகூட மூட்டைக்குள் போயிற்று. ஒரே நாளில் வீடு துடைத்துவிட்டது போல் ஆனதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றபோது கலியனிடமிருந்து போன் வந்தது. வேலூர் தாண்டி கிளட்ச் போய்விட்டதாம். ஸ்பேர் பார்ட் கிடைத்து, மெக்கானிக் கிடைத்து, வண்டி வர இன்னும் நாலைந்து நாள் ஆகுமாம்.

மே மாதம். ஃபேனில்லாத வீட்டில் மனிதர் எப்படி இருப்பார்கள்? கட்டிய மூட்டையைப் பிரித்தால் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே ஆதிநாராயணனும் பானுவும் யேசுதாஸ் வீட்டு ஹாலுக்குக் குடிவந்தார்கள். தாங்கள் விற்ற சோஃபாவில் உட்கார்ந்து, தாங்கள் கொடுத்த மீன்களைப் பார்த்துக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டார்கள்.

யேசுதாஸ் காலையில் மில்லிலிருந்து வந்து படுத்தான். எல்லாம் மூட்டைக்குள் போயிருந்தது, ஸ்பீக்கரைத் தவிர. கண் சொருகியது. பாட்டு ஆரம்பித்தது. இப்போது நடுவில் சுவரும் இல்லை. ஒரு திரைச்சீலைதான்.

அந்த நாலைந்து நாளும் ஆதிநாராயணன் பாடியதைப்போல் முன்னே எப்போதும் பாடியதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது, வெந்நீர் குடித்துவிட்டுப் பாடினார். கண்களுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. "ஊரை வுட்டுப் போற துக்கம் அவருக்கு," என்று யேசுதாஸ் கிறிஸ்டினாவிடம் சொன்னான். கிறிஸ்டினா இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருவழியாக லாரி வந்தது. வாசலில் நிற்பதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. மீதிப் பாதியில் ஏறியிருந்த வேறு லோடு, பழவேற்காட்டுக் கருவாடு. கூரை உயரத்துக்குச் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது.

பானு மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பள்ளிப்பட்டில் அவள் அப்பா வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை. தன் பட்டுப்புடவை அந்த வண்டியில் ஏறாது, தானும் கோயம்புத்தூருக்கு வரப்போவதில்லை என்றாள். ஆதிநாராயணன் மனைவியையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு யோசனை வருவதற்குள் யேசுதாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தான். இருப்பதிலேயே பெரிய தார்ப்பாயாக இரண்டு வாங்கிவந்து, கருவாட்டுக்கும் குடித்தனத்துக்கும் நடுவே தடுப்பு கட்டினான். வாசனை தார்ப்பாயை மதிக்கவில்லை. துணிமணி, படுக்கை, பூஜைச் சாமான் எல்லாவற்றையும் தனியாக ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிட்டு வந்தான். தேதி மாறியதால் ரயில் டிக்கெட்டைத் தட்கலில் எடுத்திருந்தான். சாமான் ஏற்றும் கூலி அதிகம் என்று மில் நண்பர்கள் ஆறு பேரை அழைத்தான். அவர்கள் கூலி கேட்கவில்லை, பிரியாணி கேட்டார்கள். பிரியாணிக்குப் பிறகு ஐஸ்கிரீமும் கேட்டார்கள். இதற்காக முந்தின இரவு அவன் போட்ட லீவுக்கு மில்லில் சம்பளம் கிடையாது.

மாலையில் மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தான். பீரோ, சோஃபா, நாலைந்து நாள் சாப்பாடு, தார்ப்பாய், பார்சல், தட்கல், பிரியாணி. பேக்கர்ஸ் மூவர்ஸ்காரன் கேட்ட தொகையை அவனுடைய பட்ஜெட் எப்போதோ தாண்டியிருந்தது. கிறிஸ்டினாவின் சீட்டுப் பணம் முழுசாக அதில் போயிருந்தது. ஆனாலும் அவனுக்கு வருத்தமில்லை. நாளைக் காலை என்று ஒன்று இருக்கிறதே, அதை நினைக்கும்போதே உடம்பு சிலிர்த்தது.

ரயிலடிக்குக் கிளம்பும்போது ஆதிநாராயணன் அவனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒரு பையை நீட்டினார். உள்ளே மைக்கும் ஸ்பீக்கரும்.

"இத நீயே வெச்சிக்க நைனா. அங்க எனக்குத் தேவைப்படாது."

யேசுதாஸ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். உயிருக்கு உயிரான பாட்டையே நட்புக்காக விட்டுவிட்டுப் போகிற மனிதரையா நாம் விரட்ட நினைத்தோம்? ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டே நின்றான். அன்று இரவு மில்லில் உலை முன்னால் நின்றபோது நிஜமாகவே கண்ணீர் வந்தது. புகையினால் என்று நண்பர்களிடம் சொன்னான்.

மறுநாள் காலை படுத்தான். கண் சொருகியது. எதுவும் ஆரம்பிக்கவில்லை.

எழுந்தபோது சாயங்காலம். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் முகத்தில் ஒரு களை வந்துவிட்டதாக மில்லில் பேசிக்கொண்டார்கள். இந்தச் சுகத்துக்கு ஐம்பதாயிரம் என்ன, ஒரு லட்சம்கூடக் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. மீன் தொட்டி மோட்டார் கொடகொடத்ததுகூடத் தாலாட்டாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பக்கத்துப் போர்ஷனுக்கு ஆள் வரவில்லை.

வரவில்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஃபிட்டர்கள் வந்தார்கள், புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது, ரிட்டயரான வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றார்கள், வாடகை நியாயம் என்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாதம் முடிந்தது. யேசுதாஸ் தன் வாடகையோடு காலி வீட்டு வாடகையையும் சேர்த்துக் கொடுத்தான். அடுத்த மாதமும் பாதி போயிற்று. இரண்டு வீட்டு வாடகைக்குச் சம்பளம் போதாது என்று கிறிஸ்டினா முணுமுணுக்க ஆரம்பித்ததும், ஒரு சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

முத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் நேரே விஷயத்துக்கு வந்தான். போர்டை ஒழுங்காக மாட்டியிருக்கிறாயா, வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாயா, ஏன் ஒருத்தன்கூட நிலைக்கவில்லை என்று கேட்டான்.

"நான் இன்னாப்பா பண்றது? எல்லாரும் காலைலதான் வராங்கோ. ஹாலைப் பாத்து நல்லாருக்குதுன்றாங்கோ. சமையக்கட்டப் பாத்து நல்லாருக்குதுன்றாங்கோ. படுக்குற ரூமுக்குள்ள போனதும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு செருப்ப மாட்டிக்கினு பூடறாங்கோ."

"அப்படி அந்த ரூம்புல இன்னாதாம்மா கீது? முன்னயாவது அவரு பாட்டுச் சத்தம் இருந்திச்சி. இப்ப அதுவும் இல்ல. எவ்ளோ அமைதியா கீது."

முத்தம்மாள் கீரையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, நீ வுடற கொறட்டை காதுல உழக்கூடாதுன்னுதானே அந்த மனுசன் பாடவே ஆரம்பிச்சாரு."